திருப்புளி அக்காவும் ஆங்கிலத்துச் சின்ன வார்த்தைகளும்

பெற்றோர் வைத்த பெயர் அவருக்கு வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. மரச்சாமான் தொழிற்சாலையின் வாசல் காவலாளி முதல் மேனேஜர் வரை எல்லோருக்கும் அவர் திருப்புளி அக்கா. காதுக்கு மேல் ஒரு பென்சில், மேலங்கிப் பையில் மஞ்சள் பிடி போட்ட திருப்புளி ஒன்று. இருபத்தெட்டு வருடமாக, பலகைகளை இணைத்துப் பூட்டும் பிரிவில் அதே மேசை. எந்தத் திருகாணி எந்தத் துளைக்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார். தடவிப் பார்த்தே பலகையின் முகம் எது முதுகு எது என்று கண்டுபிடிப்பார்.

அந்த மேலங்கியால்தான் அவருக்குக் கல்யாணமே நடந்தது. பூட்டும் பிரிவுக்கு மேலங்கி தைக்க அளவெடுக்க வந்த தையல்காரர், எல்லோருக்கும் இரண்டு பை வைத்தவர், இவருக்கு மட்டும் யாரும் கேட்காமலே மூன்றாவதாக ஒரு நீளப் பை வைத்துத் தந்தார். திருப்புளி அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. மற்ற பெண்கள் விடுவார்களா? ஒரு வாரம் ஓட்டித் தள்ளிவிட்டார்கள். எட்டு மாதத்தில் கல்யாணம். மகள் பிறந்தாள், படித்தாள், அவளும் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். வீட்டில் இப்போது அக்காவும் தையல்காரரும் ஒரு தையல் மெஷினும்தான்.

இப்படிப்பட்டவருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பயம் இருந்தது. ஆங்கிலம். ஒன்பதாம் வகுப்புப் பரீட்சையில் கோடிட்ட இடங்களை நிரப்பச் சொல்லிப் பத்துக் கேள்வி வந்தது. இன், ஆன், அட், அண்டர் என்று சின்னச் சின்ன வார்த்தைகளைப் பொருத்தமான இடத்தில் போட வேண்டும். அக்கா யோசித்துப் பார்த்தார். தமிழில் வீட்ல, பஸ்ல, சுவத்துல, திங்கக்கிழமைல என்று எல்லாவற்றுக்கும் ஒரே "ல" போதுமே. அதனால் பத்து இடத்திலும் "இன்" என்று எழுதிவிட்டு நிம்மதியாக வெளியே வந்தார். பத்துக்கு மூன்று மதிப்பெண். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து ஆங்கில எழுத்தைப் பார்த்தாலே அக்கா அடுத்த பக்கம் திரும்பிக்கொள்வார்.

ஆனால் ஆங்கிலம் அவரைத் தேடிக்கொண்டு தொழிற்சாலைக்கே வந்துவிட்டது.

அந்த வருடம் தொழிற்சாலை ஒரு புதிய புத்தக அலமாரி செய்தது. பலகைகளைத் தனித்தனியாகப் பெட்டியில் அடுக்கி வெளிநாடுகளுக்கு அனுப்புவார்கள்; வாங்குகிறவர் வீட்டில் தானே பூட்டிக்கொள்ள வேண்டும். கூடவே எப்படிப் பூட்டுவது என்று ஆங்கிலத்தில் ஒரு மேனுவல். இரண்டு பக்கப் பலகை, அவற்றின் உட்புறம் நீளப் பள்ளமாக வெட்டிய காடி, அந்தக் காடிக்குள் நழுவிப் போகும் மூன்று தட்டு, பின்னால் ஒரு மெல்லிய ஷீட், அங்கேயே அடிக்க ரீப்பர் என்கிற நீள மரச்சட்டம், ஓர் அடிப்பலகை, அதற்கு நான்கு குட்டைக் கால். அவ்வளவுதான். சின்னப் பிள்ளை கூடப் பூட்டிவிடும் என்றுதான் அக்கா நினைத்திருந்தார்.

முதல் தொகுதி போய் ஆறு வாரத்தில் புகார்கள் வந்தன. எல்லாவற்றிலும் புகைப்படம் இருந்தது. அவற்றைக் கண்டு பூட்டும் பிரிவு வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தது. ஓர் அலமாரியில் தட்டுகள் பக்கப் பலகைகளுக்கு வெளியே, இரண்டு பக்கமும் சிறகு முளைத்த மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன. இன்னொன்றில் நான்கு கால்களும் வானத்தைப் பார்த்தன, மல்லாந்து படுத்த மாடு போல. அதன் பக்கத்தில் ஒரு வெளிநாட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பொருள் அழகாக இருக்கிறது, புத்தகத்தை எங்கே வைப்பது என்று மட்டும் தெரியவில்லை என்று மரியாதையாக எழுதியிருந்தார்.

மேனேஜர் சிரிக்கவில்லை. பூட்டும் பிரிவு துளைகளைத் தப்பாகப் போட்டுவிட்டது என்பது அவருடைய முடிவு. அக்காவை அறைக்குக் கூப்பிட்டுப் படங்களை மேசையில் பரப்பினார். மேனுவல் எழுதிய பெண்ணும் அங்கே நின்றாள். ஆபீசில் எழுத்து வேலைக்கு வந்து இரண்டு வருடமான பட்டதாரி. மூச்சு விடுகிற இடத்திலெல்லாம் கமா போடுவாள் என்பதால் அவளுக்குக் கமா என்றே பெயர்.

அக்கா ஒவ்வொரு படத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். துளை சரி, காடி சரி, திருகாணி கூட நன்றாக இறுக்கியிருக்கிறது. பூட்டினவர் அவசரக்காரர் இல்லை, சொன்னதை அப்படியே செய்கிறவர் என்று தெரிந்தது. அப்படியானால் சொன்னது என்ன?

"இந்தத் தட்டுக்கு மேனுவல்ல என்னம்மா எழுதியிருக்கே? படி."

"ஃபிக்ஸ் த ஷெல்வ்ஸ் ஆன் த சைட்ஸ்."

"ஆன்னா என்ன?"

"மேல."

"காலுக்கு?"

"புட் த லெக்ஸ் ஆன் த பேஸ்." சொல்லும்போதே கமாவின் குரல் இறங்கிவிட்டது.

"அதுவும் மேலதானா?" என்றார் அக்கா. "அப்புறம் வாங்கினவர் மேல என்ன சார் தப்பு? பக்கப் பலகை மேல தட்டை வைன்னோம், வச்சார். அடிப்பலகை மேல காலை வைன்னோம், அதையும் வச்சார். இவ்வளவு சொல்பேச்சு கேட்கிற மனுஷனை நான் பார்த்ததே இல்லை."

மேனேஜர் கால்கள் மேலே நின்ற படத்தை மட்டும் எடுத்து இன்னொரு தடவை பார்த்தார். கமாவின் முகம் சுண்டிப்போயிருந்தது. தான் தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதிவிட்டதாக அவள் மெல்ல ஒப்புக்கொண்டாள். பக்கப் பலகைல தட்டைப் போடு, அடிப்பலகைல காலை மாட்டு என்று மனசுக்குள் ஓடியது. அந்த "ல" வந்த இடத்திலெல்லாம் "ஆன்" போட்டுவிட்டாள். இதைக் கேட்டதும் அக்காவுக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. பட்டம் வாங்கினவளும் தன்னைப் போலத்தான். இவர் எல்லாவற்றுக்கும் "இன்" போட்டார், அவள் எல்லாவற்றுக்கும் "ஆன்" போட்டிருக்கிறாள். வித்தியாசம் அவ்வளவுதான்.

அடுத்த தொகுதி கிளம்பப் பத்து நாள் இருந்தது. அதற்குள் மேனுவலைத் திருத்தித் தர வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து உட்காருங்கள் என்று மேனேஜர் சொன்னார். எனக்கு ஆங்கிலம் வராது என்று அக்கா கையைப் பிசைந்தார். எனக்கு அலமாரி வராது என்றாள் கமா. பிறகு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை கமா தன் நாற்காலியை விட்டுவிட்டு, பூட்டும் பிரிவில் கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டி மேல் நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். வேலை இப்படி நடந்தது. அக்கா ஒன்றும் பேசாமல் ஒரு காரியத்தைச் செய்வார். கமா அதற்கான சின்ன வார்த்தையைச் சொல்வாள். தட்டு காடிக்குள் நழுவியது. "இன்டு" என்றாள். நழுவி முடிந்து நின்றது. "இன்" என்றாள்.

"உள்ளே போறதுக்கு ஒண்ணு, உள்ளே இருக்கிறதுக்கு ஒண்ணா?" என்றார் அக்கா. "சிக்கனமே தெரியாத பாஷையா இருக்கே."

ஆனால் மத்தியானத்துக்குள் அவருக்கே அது பிடித்துவிட்டது. திருகாணி ஒரு பலகையைத் துளைத்து அந்தப் பக்கம் போனால் "த்ரூ". இரண்டு பலகைக்கு நடுவில் தட்டு நின்றால் "பிட்வீன்". ஏணியைச் சுவரில் சாய்த்தால் "அகெய்ன்ஸ்ட்". இதெல்லாம் அவர் கை இருபத்தெட்டு வருடமாகச் செய்துவந்ததுதான். ஒவ்வொரு அசைவுக்கும் தனியாக ஒரு வார்த்தை வைத்து யாரோ எங்கேயோ பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் அவருக்கு அதிசயம். தூரத்து ஊரில் தன் வேலையைத் தெரிந்த சொந்தக்காரர் இருப்பதாகக் கேள்விப்பட்ட மாதிரி இருந்தது.

"அட்" மட்டும் பிடி கொடுக்கவில்லை. கமா இலக்கணப்படி விளக்கினாள்: இடத்தை ஒரு புள்ளியாக நினைத்தால் அட், பரப்பாக நினைத்தால் ஆன், சுற்றி அடைப்பு இருந்தால் இன். சொல்லிவிட்டு, தனக்கே இது பாதிதான் புரியும் என்றாள். அக்கா காதிலிருந்து பென்சிலை எடுத்தார். பலகையின் மூலையில் ஒரு புள்ளி வைத்தார்.

"துளை போடறதுக்கு முன்னாடி இப்படி வைப்போமே. இது அட்டா?"

கமா புள்ளியைப் பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டினாள்.

அக்கா உள்ளங்கையால் பலகையைத் தடவினார். "வார்னிஷ் அடிக்கிற இடம் ஆன்." காடிக்குள் விரலை விட்டார். "பசை ஊத்துற இடம் இன். பென்சில், பிரஷ், பசை. இதுக்கா பொண்ணே அத்தனை பக்கம் எழுதி வச்சிருக்காங்க?"

கமா அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். கல்லூரியில் மூன்று வருடம் நான் தேடினது இதைத்தான், அக்கா, என்றாள். அன்று சாயங்காலம் அக்கா பேருந்து நிறுத்தம் வரை ஏறக்குறைய ஓடினார். இந்த வயதில் பரீட்சையில் பாஸானால் எப்படி இருக்கும் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

வீட்டில் தையல்காரர் மாட்டிக்கொண்டார். டம்ளரைக் காட்டி டீ எங்கே இருக்கிறது என்று கேட்பார் அக்கா. மூடி எங்கே, கத்தரிக்கோல் எங்கே, ஊசியில் நூல் எப்படிப் போகிறது என்று ஓயாத கேள்வி. தையல்காரர் வெளிமாநில வாடிக்கையாளர்களோடு பேசிப் பழகியவர், ஓரளவு ஆங்கிலம் தெரியும். மனைவியை மடக்கிவிடலாம் என்று ஒருநாள் வாயைக் கொடுத்தார்.

"சரி, நான் மெஷின்ல உக்காந்திருக்கேன். இங்கிலீஷ்ல சொல்லு. ஆன் த மெஷின்தானே?"

"அட் த மெஷின்," என்றார் அக்கா, காய்ந்த துணியை மடித்துக்கொண்டே. "ஆன் த மெஷின்னா நீங்க அது மேல ஏறி உக்காந்திருக்கீங்க. நீங்க இருக்கிற கனத்துக்கு மெஷின் தாங்காதுங்க."

தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். அதோடு அவர் கட்சி மாறிவிட்டார். மறுநாள் முதல் தானே கேள்வி தயார் செய்துகொண்டு காத்திருப்பார். ஒருநாள் அவர் இப்படிக் கேட்டார்: காருக்கு இன், பஸ்ஸுக்கு ஆன் என்கிறார்களே, நாம் என்ன பஸ் கூரை மேலா போகிறோம்? அதைக் கமாவிடம் கொண்டுபோனார் அக்கா. அவள் ஒரு நாள் அவகாசம் வாங்கி விசாரித்துக்கொண்டு வந்தாள். ஏறி நின்று நடக்க முடிந்தால் ஆன், குனிந்து நுழைந்து உட்கார வேண்டியிருந்தால் இன். பெரும்பாலும் சரியாக வரும் என்றாள். "அந்தப் பெரும்பாலும்தான் எனக்குப் பிடிக்கலை" என்றார் அக்கா. மரத்தில் பெரும்பாலும் கிடையாது. பொருந்தும், இல்லையென்றால் பொருந்தாது.

எட்டாம் நாள் புதிய மேனுவல் தயாரானது. பன்னிரண்டே வரி. இரண்டு பக்கப் பலகைக்கு நடுவில், காடிக்குள், தட்டை நழுவ விடு. அடிப்பலகைக்குக் கீழே காலைப் பூட்டு. ஒவ்வொரு வரியையும் அக்கா கையால் செய்து பார்த்துத்தான் கமா எழுதினாள். கமாக்கள் கூடப் பாதியாகக் குறைந்துவிட்டன.

பத்தாம் நாள் மத்தியானம் கேன்டீனில் சோதனை. திருப்புளியைத் தொட்டறியாத இரண்டு பேர் மேனுவலை மட்டும் படித்து அலமாரியைப் பூட்ட வேண்டும், தமிழில் யாரும் எதுவும் சொல்லித் தரக் கூடாது என்று மேனேஜர் விதி போட்டார். ஒருத்தி, தொலைபேசியில் நாள் முழுக்க வெளிநாட்டுக்காரர்களோடு பேசும் வரவேற்பறைப் பெண். இன்னொருவர் மேனேஜரின் மனைவி, பள்ளியில் கணக்கு டீச்சர். அன்று அவருக்கு விடுமுறை என்பதால் வரச் சொல்லியிருந்தார்.

தொழிற்சாலையே சுற்றி நின்றது. அக்காவைத் தூரத்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வாய் பேசக் கூடாது, கையும் காட்டக் கூடாது. அவர் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார். அவர்கள் பலகையைத் தலைகீழாகப் பிடிக்கும்போதெல்லாம் அவர் உடம்பே துள்ளியது. ஆனால் இருவரும் மேனுவலை இன்னொரு தடவை படித்து, தாங்களே திருப்பிக்கொண்டார்கள். கால்கள் கீழே போயின. முதல் தட்டு காடிக்குள் சறுக்கென்று இறங்கியதும் கூட்டம் கைதட்டியது.

ஒன்பதாவது வரியில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் அடிக்க ஒரு நீள ரீப்பர் உண்டு. வரவேற்பறைப் பெண் அதைக் குறுக்காக வைத்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒரு முழம் நீட்டிக்கொண்டு நின்றது. மேனுவலைப் பார்த்தாள். "அக்ராஸ்" என்றுதான் இருக்கிறது என்று காட்டினாள். கமா அக்காவைப் பார்த்தாள். அந்த வரியில் "அலாங்" போட வேண்டும் என்று அவள் சொன்னபோது, அக்ராஸ் என்றால் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு என்றுதானே நீ சொன்னாய், இதுவும் மேல் கோடியிலிருந்து கீழ்க்கோடிக்குத்தானே போகிறது என்று வாதாடி ஜெயித்தவர் அக்காதான்.

அக்கா தொடைக்கு அடியிலிருந்து ஒரு கையை விடுவித்து உயர்த்தினார்.

"அது என் தப்புங்க சார். கமா சரியாத்தான் சொன்னா. நான்தான் மல்லுக்கட்டி மாத்தினேன். அக்ராஸ் குறுக்கே போறது. இது ஓரத்தை ஒட்டியே போகணும். அலாங்."

மேனேஜர் பேனாவை எடுத்துத் தானே திருத்தினார். இரண்டு பேரும் மறுபடி படித்தார்கள், ரீப்பர் ஓரத்தை ஒட்டி நிமிர்ந்து நின்றது. இன்னும் கால் மணி நேரத்தில் அலமாரி எழுந்துவிட்டது. ஆடவில்லை, சாயவில்லை. மேனேஜரின் மனைவி அதைச் சுற்றி வந்து, கால்களைக் குனிந்து பார்த்து, கணவர் பக்கம் திரும்பினார்.

"ஓ, கால் கீழயா வரும்? அப்ப நம்ம வீட்ல நிக்கிறது?"

கேன்டீனே மேனேஜர் பக்கம் திரும்பியது. பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. முதல் தொகுதியிலேயே ஓர் அலமாரியை மேனேஜர் வீட்டுக்கு எடுத்துப்போய், பழைய மேனுவலைப் பார்த்துத் தன் கையாலேயே பூட்டியிருக்கிறார். ஏறக்குறைய இரண்டு மாதமாக அது கால்களை மேலே தூக்கிக்கொண்டு கூடத்தில் நிற்கிறது. புது மாடல் என்று மனைவியிடம் சொல்லிவைத்திருக்கிறார். "பரவாயில்ல, குடை மாட்ட வசதியாத்தான் இருக்கு" என்றார் அந்த அம்மா. மேனேஜர் காது மடல் வரை சிவந்தார். பிறகு அவரே முதலில் சிரிக்க ஆரம்பித்தார். அதற்கப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. சமையல்காரர் கரண்டியோடு வெளியே வந்து, என்ன ஏது என்று தெரியாமலே சிரித்தார். சோதனைக்குப் பூட்டிய அலமாரியை என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது அதன் நடுத்தட்டில் அவர் ஏற்கெனவே சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கிவிட்டிருந்தார். அது அங்கேயே தங்கிவிட்டது.

புதிய மேனுவலோடு போன தொகுதிக்குப் புகார் வரவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு தொலைபேசி அழைப்புதான் வந்தது. காலை பத்து மணி. வெளிநாட்டுப் பெண்மணி ஒருவர் பாதி பூட்டிய அலமாரிக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். பின்பக்க ஷீட் உள்ளே போகவே இல்லையாம். வரவேற்பறைப் பெண்ணுக்குக் கேன்டீன் அனுபவம் போதவில்லை. கமாவுக்கும் பார்க்காமல் சொல்லத் தெரியவில்லை. பூட்டும் பிரிவுக்கு ஆள் ஓடியது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, போனைத் தேளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். எடுத்துப் பேசுங்கள் அக்கா, அங்கே இருக்கிறதும் அலமாரிதான் என்றாள் கமா.

முழு வாக்கியம் அக்காவிடம் இல்லை. ஆனால் பலகையின் பெயரும் சின்ன வார்த்தைகளும் இருந்தன. கண்ணை மூடிக்கொண்டார். ஷீட்டை எங்கே பிடித்துக்கொண்டு அந்தம்மா தவிக்கிறார் என்பது அவருக்குத் தெரிந்தது.

"மேடம். ஷீட். நாட் ஃப்ரம் த ஃப்ரண்ட். ஃப்ரம் த டாப். இன்டு த க்ரூவ். பிஹைண்ட் த ஷெல்வ்ஸ். டவுன், டவுன், டவுன்."

அந்தப் பக்கம் "ஹோல்ட் ஆன்" என்று குரல் கேட்டது. அக்கா உடனே போனை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். கமா சிரிப்பை விழுங்கிக்கொண்டு, கொஞ்சம் பொறுங்கள் என்றுதான் அதற்கு அர்த்தம் என்று காதில் சொன்னாள். போனில் பலகை உரசும் சத்தம் வந்தது. பிறகு டக் என்று ஒரு சின்ன ஓசை. அந்த ஓசையை அக்கா ஆயிரம் தடவை கேட்டவர். ஷீட் அடியைத் தொட்டுவிட்டது.

அந்தம்மா சந்தோஷத்தில் மடமடவென்று பேசினார். அக்காவுக்கு அதில் தேங்க் யூ மட்டும் புரிந்தது. கடைசியாக ஒரு கேள்வி தெளிவாக வந்தது: நீங்கள் எங்கிருந்து பேசுகிறீர்கள்? அக்கா கமாவைப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றாக, நிதானமாகச் சொன்னார்.

"ஐ ஆம் அட் த ஃபேக்டரி. இன் த ஆபீஸ். ஆன் த போன்."

கமா மேசையைத் தட்டினாள். வரவேற்பறைப் பெண் எழுந்தே நின்றுவிட்டாள். மூன்றும் மூன்று விதம், மூன்றும் சரி. அக்கா போனை வைத்தார், முகமெல்லாம் சிரிப்பாக. அந்தச் செய்தியைத் தையல்காரருக்குச் சொல்ல சாயங்காலம் வரை காத்திருக்க அவரால் முடியவில்லை. அதே போனில் கூப்பிட்டார். அவர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, இன்று கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டுத் தொழிற்சாலை வாசலுக்கே வந்துவிடுகிறேன், எங்காவது வெளியே சாப்பிடலாம் என்றார்.

அந்த வாரமே மடக்கு மேசை ஒன்று புதிதாக வந்தது. முப்பத்தாறு உறுப்பு, ஏழு கீல். கமா தன் மரப்பெட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டு நோட்டில் புதுப் பக்கம் திருப்பினாள். அக்கா முதல் கீலைப் பொருத்தி, மேசையை மெல்ல மடக்கிக் காட்டி, இதுக்கு என்ன வார்த்தை சொல்லு பார்க்கலாம் என்றார்.